திரும்பி வந்த தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள டிரிஸ்டன் டா குன்காவோ தீவுகளுள் தனித்தீவு. மக்கள் வாழும் அண்டை நிலமாகிய செயின்ட் எலனா ஏறத்தாழ 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது.

வரலாறு: 1506இல் இதனைக் கண்ட போர்த்துகீசிய மாலுமியின் பெயரே தீவுக்கு வழங்குகிறது. செயின்ட் எலனாவில் சிறையிருந்த நெப்போலியனை மீட்க எவரும் இத்தீவைப் பயன்படுத்தலாகாது என்று ஆங்கிலேயர் 1816இல் இங்குப் படை நிறுத்தினர். படை திரும்பியபோது, வில்லியம் கிளாஸ் என்னும் வீரர் மனைவி மக்களுடன் தங்கிவிட்டார். 1817இல் அவரும் தோழர் இருவரும் ஓர் உடன்படிக்கை எழுதினர். உடைமை அனைவர்க்கும் சமம். எவரும் மேலோர் அல்லர் என்பது அதன் சாரம். நிலம் இன்றளவும் ஊர்ப்பொதுவே.

1961இல் எரிமலை சீறியது. மக்கள் அனைவரும் இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு வசதிகள் இருந்தன, மனம் ஒன்றவில்லை. 1962இல் நடந்த வாக்கெடுப்பில் 148 பேர் ஊர் திரும்பவே விழைந்தனர், மறுத்தோர் ஐவர். 1963இல் பெரும்பாலோர் மீண்டனர்.

காண்பன: விமான நிலையம் இல்லை. தீவு மன்றத்தின் ஒப்புதல் பெற்று, கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் கப்பலில் செல்ல வேண்டும். 2,000 மீட்டரைக் கடந்த சிகரம், பென்குவின் கூட்டம், கற்சுவர் சூழ்ந்த உருளைக்கிழங்குத் தோட்டங்கள் ஆகியன கண்ணைக் கவரும். ஊரின் அருகே 1961இன் எரிகுழம்பு கரும்பாறையாய் உறைந்து கிடக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்றும் அடுப்புகள் எரிகின்றன. அக்காட்சியே நமக்குப் பாடம்.