இல்லத்தில் ஓர் இசைக் களஞ்சியம்



ஊரை விட்டு மும்பைக்கு வந்து வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றில் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கும். அவற்றுள் கடையில் வாங்கிய பக்திப் பாடல்களும் திரைப்பாடல்களும் உண்டு. கல்யாண வீட்டு நாதசுரம், பாட்டி பாடிய தாலாட்டு, வளைகுடா நாட்டிலிருந்து மாமா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் ஆகியனவும் உண்டு. முதல் வகையை இன்று கைபேசியிலேயே கேட்டுவிடலாம். இரண்டாம் வகைக்கு உலகில் வேறு பிரதியே கிடையாது. இவ்வூர் மழைக்கால ஈரத்தில் ஒலிநாடாவில் பூஞ்சை படிந்துவிடுகிறது. ஆகவே அவற்றைக் காக்கும் வேலையைத் தள்ளிப்போட இயலாது.

ஐரோலியில் எங்கள் வீட்டுக் கேசட்டுகளை ஒரு சிறு கணினியில் சேர்த்து, வீட்டார் எல்லோரும் கேட்கும்படி அமைத்திருக்கிறேன். அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

கருவி எது?

ராஸ்பெரி பை என்பது அதன் பெயர். பள்ளிப் பிள்ளைகள் கணினி நிரல் எழுதப் பழகவேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டு, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. ஏ.டி.எம். அட்டை அளவுள்ள ஒரே பலகையில் முழுக் கணினியும் அடங்கிவிடுகிறது. நம் வேலைக்கு இதற்குத் திரையும் வேண்டாம், விசைப்பலகையும் வேண்டாம்.

இது இயங்கும் விதம் எளியது. பாட்டுகள் பென் டிரைவில் இருக்கும். பலகை அவற்றை வாசித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். கைபேசி, வீட்டு வைஃபை வழியாக, 'இந்தப் பாட்டைப் போடு' என்று ஆணையிடும் ரிமோட் மட்டுமே. கைபேசிக்கு அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. வீட்டில் யாருடைய கைபேசியிலிருந்தும் பாட்டை மாற்றலாம்.

தேவையான பொருள்கள்

1. ராஸ்பெரி பை 3 அல்லது 4, 'பி' மாடல். இரண்டிலும் வைஃபையும் இயர்போன் துளையும் உள்ளன. 5-ஆம் மாடலில் அத்துளை இல்லை.
2. அதற்குரிய அடாப்டர். 3-க்கு 2.5 ஆம்பியர், 4-க்கு 3 ஆம்பியர். பழைய கைபேசி சார்ஜர் போதாது.
3. 16 ஜி.பி. மைக்ரோ எஸ்.டி. அட்டை.
4. 64 ஜி.பி. பென் டிரைவ்.
5. ஆம்ப்ளிஃபயர் உள்ள ஒலிபெருக்கியும் இணைப்பு வயரும்.

செய்முறை

முதலில் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற வேண்டும். ராஸ்பெரி பை பலகையில் ஒலியை உள்ளே வாங்கும் துளை இல்லை. எனவே இதை வீட்டுக் கணினியில் செய்க. டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து, 'லைன் இன்' துளையுள்ள யு.எஸ்.பி. ஒலிக் கருவி ஒன்றின் வழியாகக் கணினிக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. நாடாவில் வெண்மையாகப் பொடி படிந்திருந்தால் அதை அப்படியே ஓட்டாதீர்கள். பூஞ்சை டேப் ரிக்கார்டரின் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

கடைப் பாடல்களை எம்.பி.3 ஆகச் சேமிக்கலாம். 192 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 86 எம்.பி. ஆகும். 64 ஜி.பி.யில் எழுநூறு கேசட்டுகள் வரை அடங்கும். பாட்டியின் குரல் போன்றவற்றை மட்டும் ஃபிளாக் முறையில் சேமியுங்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் ஒலியில் எதுவும் குறையாது.

அடுத்து, மற்றொரு எஸ்.டி. அட்டையைத் தேட வேண்டாம். வாங்கிய அட்டையைக் கணினியில் செருகி, ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளால் அதில் வால்யூமியோ என்ற இசை இயங்குதளத்தை எழுதுக. இதற்குக் கட்டணச் சேவையும் உண்டு. நமக்கு இலவசப் பகுதியே போதும். அட்டையையும் பென் டிரைவையும் பலகையில் செருகி, வைஃபை ரூட்டருக்கு ஒரு லேன் வயர் கொடுத்து, மின்சாரம் தருக. சில நிமிடம் கழித்துக் கைபேசி பிரவுசரில், ஆங்கில எழுத்தில், 'வால்யூமியோ', புள்ளி, 'லோக்கல்' என்று தட்டினால் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால், ரூட்டரின் பக்கத்தில் பலகைக்குத் தரப்பட்டுள்ள எண்முகவரியைப் பார்த்துத் தட்டுக. ஒலி வெளியேறும் இடமாக இயர்போன் துளையைத் தேர்ந்தெடுத்து, வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் லேன் வயரை எடுத்துவிடலாம்.

பெயர் சூட்டுதல்

நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். இயங்குதளம் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எழுதியுள்ள பாட்டு, பாடியவர், தொகுப்பு ஆகிய குறிப்புகளைக் கொண்டே பட்டியல் போடும். அக்குறிப்புகளை யூனிகோடு தமிழில் எழுதுங்கள். 'டிராக் 7' என்று விட்டால் பத்தாண்டு கழித்து அது யார் குரல் என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார். பெரியவர்களை அருகில் அமர்த்தி, பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியாரிடம் கேட்ட பிறகுதான் பல குரல்களுக்குப் பெயர் கிடைத்தது.

இதில் இன்னொரு பயனும் உண்டு. இங்கே வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பட்டியல் தமிழில் இருந்தால், வேண்டிய பாட்டைத் தேடுவதற்காகவாவது எழுத்துக் கூட்டுவார்கள். என் மகள் 'தாலாட்டு' என்ற சொல்லை அப்படித்தான் முதலில் வாசித்தாள்.

கவனத்திற்கு

மின்சாரத்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். கைபேசிப் பக்கத்தில் 'ஷட் டவுன்' கொடுத்த பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும். இல்லையேல் அட்டை பழுதாகக்கூடும். இது சில வாட் மின்சாரமே எடுப்பதால், நாள் முழுதும் இயங்கினாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பென் டிரைவும் ஒருநாள் கெடும். ஆகவே இன்னொரு பிரதி எடுத்து ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

பலகையை இயக்க ஒரு மாலைப்பொழுது போதும். கேசட்டுகளை மாற்றிப் பெயர் எழுதப் பல ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். எனவே பலகை வாங்கும் வரை காத்திராமல், வரும் ஞாயிறன்றே பெட்டியைத் திறந்து, வேறு பிரதி இல்லாத கேசட்டுகளை முதலில் பிரித்து வையுங்கள்.