கோழி வளர்ப்போம், சண்டை வளர்க்க வேண்டாம்



நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் நாலைந்து கோழி வைத்திருக்கும் குடும்பங்கள் பல. முட்டை பிள்ளைகளுக்குச் சத்து. சம்பளத்துக்கு முந்திய நாட்களில் கைச்செலவுக்கு ஒரு சேவலை விற்றால் அது வீட்டுப் பெண்ணின் சொந்தக் காசு. ஆனால் இதே கோழியால் அடுத்த காம்பராவோடு பேச்சுவார்த்தை நின்றுபோவதும் உண்டு. "ஒங்க கோழி எங்க கீரைப்பாத்தியைக் கிண்டிருச்சி" என்று தொடங்கும் வாய்ப்பேச்சு சில நேரம் பொலிஸ் வரைக்கும் போய்விடுகிறது. ஆகவே இந்த இதழில் லயத்தில் கோழி வளர்ப்பதற்கு என்ன சட்டம், என்ன முறை என்று நாம் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் சில கோழி வளர்ப்பதை நாட்டின் பொதுச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதனால் வரும் அசுத்தமும் நோயும் அடுத்தவரைத் தாக்கும்போது சட்டம் தலையிடும்.

1. நிலம். லயம் நிற்கும் நிலம் தோட்டத்துக்குரியது. கூடு கட்டுவதற்கு முன் தோட்ட அலுவலகத்தில் சொல்லி, இடம் காட்டச் சொல்லுங்கள். தவறணைப் பக்கம் கோழி போகவே கூடாது. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும் வேலிக்கு அப்பால் வேறு குடும்பம் இருப்பதை மறக்கக் கூடாது.

2. பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, சுத்தம், சுகாதாரம் பற்றி உப விதிகள் ஆக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு. உப விதி சபைக்குச் சபை வேறுபடும். அது வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். "கோழி வைக்கத் தடை" என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று சபையிலேயே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். தமிழும் அரசகரும மொழிதான், தமிழிலேயே எழுதுங்கள். சபை கிராமத்து ஆட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தோட்டங்களுக்கும் சபை செலவு செய்ய 2018இல் சட்டம் திருத்தப்பட்டது.

3. தொல்லை. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாற்றமும் அசுத்தமும் அயலவருக்குக் கேடாக இருந்தால் பி.எச்.ஐ. ஐயா வந்து பார்த்து நடவடிக்கை எடுக்கலாம்.

4. நுளம்பு. கோழிக்குத் தண்ணீர் வைத்த சிரட்டை, பழைய டின், டயர்த் துண்டு ஆகியவற்றில் நுளம்பு முட்டையிடும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். தினமும் தண்ணீரை ஊற்றிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

5. நோய். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் தொற்று நோய்களைப் பற்றியது. கோழிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தால் ஒளிக்காமல் அரச மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

கூடு எப்படி இருக்க வேண்டும்?

இரத்தினபுரி மாவட்டம் மழை அதிகமான இடம். இரத்தினபுரி நகரில் வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. தரையில் வைத்த கூடு ஈரமாகி நாறும். ஆகவே இரண்டு மூன்று அடி உயரக் கால் வைத்துக் கட்டுங்கள். கீரி, மரநாய், பாம்பு நுழையாதபடி கம்பி வலை அடியுங்கள். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடியாவது இடம் வேண்டும். பீலிக்கரைக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் தள்ளி, எச்சம் கானில் ஓடாத இடமாகப் பாருங்கள். இஸ்தோப்பிலும் சமையல் இடத்திலும் கோழியை அடைக்க வேண்டாம்.

எச்சத்தைக் கூட்டி, சாம்பலும் சருகும் சேர்த்துக் குழியில் மக்கவிட்டால் மரக்கறிக்கு நல்ல பசளை. பச்சையாகப் போட்டால் செடி கருகும். மிச்சத் தீனியை இரவில் விட்டுவைத்தால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்கி வேலை செய்பவர்கள் உள்ள நம்முடைய மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் ஏற்கெனவே அதிகம்.

வெள்ளைக்கழிச்சல்

கழுத்து திருகுதல், மூச்சுத் திணறல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல் இருந்தால் அது இராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வந்த பிறகு மருந்தில்லை, வருமுன் தடுப்பூசிதான் வழி. ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டுப் பயனில்லை, லயத்துக் கோழி முழுவதற்கும் ஒரே நாளில் போட வேண்டும். எத்தனை கோழி என்று எழுதிக்கொண்டு நாலு பேராகச் சேர்ந்து மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். செத்த கோழியைக் கானிலோ ஆற்றிலோ வீச வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோய்க் கோழியை அறுத்துச் சமைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

பிரச்சினை வந்தால்

அடுத்தவர் கோழிக்குக் கல் எறிவதும், மருந்து வைப்பதும் குற்றம். வைத்த மருந்தைத் தின்னப்போவது கோழி மட்டுமல்ல, தவழும் பிள்ளையும்தான். முதலில் நேரே போய், "அக்கா, கீரை பிடுங்கும்வரைக்கும் கோழியைக் கொஞ்சம் அடைச்சு வைங்க" என்று பேசுங்கள். சரிவராவிட்டால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் முன்னிலையில் பேசலாம். அதுவும் முடியாவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம்.

கோழி நம்முடையதுதான். ஆனால் அதன் எச்சமும் சத்தமும் நோயும் லயத்துக்கே பொது. இதை மனதில் வைத்தால் கோழியும் நிலைக்கும், உறவும் நிலைக்கும்.

வீட்டில் கலந்து பேச:

1. நம்முடைய கூடு பீலிக்கரையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது?
2. கோழித் தண்ணீரைத் தினமும் மாற்றுவது யார்?
3. நம்முடைய லயத்தில் மொத்தம் எத்தனை கோழி? கடைசியாக ஊசி போட்டது எப்போது?