பாலாற்றங்கரையில் ஆயிரம் கிணறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. இதுபற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கெடுப்பையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஆற்றங்கரையில் வரிசையாக 1000 கிணறுகள் உள்ளன; 100 கிணற்று நீரைச் சோதிக்கத்தான் பணம் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? "பத்துக்கு ஒன்று எடுப்போம்" என்பீர்கள். இதற்கு முறைசார் கூறெடுப்பு என்று பெயர். எளிய முறைதான். ஆனால் கிடைப்பது ஒரே ஒரு சராசரி. அதில் பிழை எவ்வளவு என்பதை அது நம்பகமாகச் சொல்லாது.

கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்புகளில் இதற்கு வழி காட்டினார்: ஒரே கூறுக்குப் பதில், ஒன்றினுள் ஒன்று ஊடுருவும் பல கூறுகளை எடுப்பது.

நாமும் அவ்வாறே செய்வோம். 1 முதல் 50 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் குலுக்கி ஐந்தை எடுங்கள். 7 வந்தால் 7, 57, 107 என்று 957 வரை 20 கிணறுகள். ஐந்து சீட்டுக்கு 100 கிணறுகள். செலவு அதேதான்!

ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் சராசரி, ஐந்து கூறுகளிலும் முறையே 2000, 2200, 2100, 2400, 1800 மில்லிகிராம் எனக் கொள்வோம். பொதுச் சராசரி 2100. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 2,00,000. அதை 5×4=20ஆல் வகுத்தால் 10,000. அதன் வர்க்கமூலம் 100. இதுவே ஏறத்தாழத் திட்டப்பிழை.

வேறு குடிநீர் கிடைக்காதபோது இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு 2000. ஐந்தாம் கூறை மட்டும் எடுத்திருந்தால் "சராசரி வரம்புக்குள்" என்றிருப்போம். நான்காவதை மட்டும் எடுத்திருந்தால் "வரம்பு மீறியது" என்றிருப்போம். ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போதோ, சராசரி வரம்பைவிட ஒரு திட்டப்பிழை அளவே கூடுதல். ஆகவே உறுதியாகச் சொல்ல இன்னும் சில கூறுகள் தேவை.

'ஆர்' போன்ற இலவசக் கணினி நிரல்கள் இக்கணக்கை நொடியில் போட்டுவிடும். ஆனால் ஒவ்வோர் எண்ணும் எந்தக் கூறைச் சேர்ந்தது என்று நீங்கள்தான் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், தனித்தனியே குலுக்கி எடுத்த 100 கிணறுகள் என்று எண்ணிக்கொண்டு தவறான பிழையளவைத் தந்துவிடும். கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பது கணினிக்குத் தெரியாது, நமக்குத்தானே தெரியும்!