வேலூர் சிப்பாய்க்கு வண்ணம் தீட்டுவோம்: 54 மில்லிமீட்டரில் ஒரு வரலாற்றுப் பாடம்

மினியேச்சர் பெயின்டிங் வீடியோக்கள் பார்த்திருப்பீங்க. முக்கால்வாசி நெப்போலியன் காலத்து வீரர்கள்தான். நானும் அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். முதல்முறையா நம்ம ஊர் முகம் ஒன்றுக்கு, வீடியோவில் சொன்னபடியே வெள்ளை கலந்து ஹைலைட் கொடுத்தேன். சிப்பாய் சாம்பலில் புரண்டு எழுந்த மாதிரி ஆயிட்டார்! அந்தத் தப்பில் கத்துக்கிட்டதுதான் இந்தப் பாடம்.

யாரை வரையப் போறோம்?

1806-ல் வேலூர்க் கோட்டையில் இருந்த மதராஸ் சிப்பாயை. சிவப்புக் கோட்டு, மார்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டைகள். ஆனா முக்கியமான விஷயம் தலையிலும் முகத்திலும்தான் இருக்கு.

1805 நவம்பரில் கம்பெனி ராணுவம் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் தோலில் செய்த இலச்சினை இருந்தது. கூடவே, சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்கணும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு விதிகள். 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தாங்க. இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி தண்டனை. ஜூலை 10 விடியும் முன்பே கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. திப்புவின் குடும்பம் அங்கே சிறையிருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றைக்கே அதை அடக்கிடுச்சு. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் இறந்தாங்க. ஆனா அந்த உத்தரவு வாபஸ் ஆச்சு. கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டாங்க.

அதனால பிரஷ்ஷைத் தொடும் முன்னாடி முடிவு பண்ணுங்க: உங்க சிப்பாய் உத்தரவுக்கு முன்னாடியா, பின்னாடியா? காதணியும் நெற்றிக்குறியும் போட்டா ஒரு காலம். போடலைன்னா இன்னொரு காலம்.

ரெண்டு பெயின்ட் எதுக்கு?

அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியானதும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். சில நிமிஷத்தில் காய்ந்துடும். ஆயில் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுது. அதுக்கு நாள்கணக்காகும். அந்தத் தாமதம்தான் நமக்கு வசதி: முகத்தில் நிழலையும் வெளிச்சத்தையும் நிதானமா இழையவிடலாம். எப்பவும் அடியில் அக்ரிலிக், மேலே ஆயில். மாற்றிப் போட்டா அக்ரிலிக் சரியா ஒட்டாது, உரிஞ்சு வரும்.

செய்முறை

1. பொம்மையைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்க. தலைப்பாகையை மாற்றணும்னா எம்-சீல் போதும்; இறுகும் முன்னாடி ஊசியால் மடிப்புகளைக் கீறுங்க. அப்புறம் பிரைமர்.

2. அக்ரிலிக்கைத் தண்ணீர் கலந்து மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு அடிங்க. ஒரே தடவையில் அப்பினா கண், மூக்கு எல்லாம் மூடிப்போகும்.

3. ஆயில் பெயின்டை டியூபிலிருந்து அட்டை மேல பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்க. மிகுதி எண்ணெயை அட்டை உறிஞ்சிடும்; பளபளப்பு குறையும்.

4. முகம்: பர்ன்ட் சியன்னாவும் மஞ்சள் ஓக்கரும் அடிப்படை. நிழலுக்கு பர்ன்ட் அம்பரோடு துளி அல்ட்ராமரின் நீலம். வெளிச்சத்துக்கு வெள்ளை வேண்டாம், ஓக்கரைக் கூட்டுங்க. சின்னச் சின்னப் புள்ளியா வெச்சு, காய்ந்த சுத்தமான பிரஷ்ஷால் விளிம்புகளை மட்டும் தட்டிக் கலங்க.

5. கோட்டு: சிவப்போடு வெள்ளை சேர்த்தா ரோஸ் ஆயிடும். வெளிச்சத்துக்கு ஆரஞ்சு, நிழலுக்கு அம்பர். வெயிலில் நரைத்த துணி என்பதால் பளிச் சிவப்பைத் தவிருங்க.

6. ஆயில் முழுசா காய்ந்த பிறகு கடைசியா காதணி, நெற்றிக்குறி. இதையும் ஆயிலிலேயே ஊசிமுனையால் வையுங்க.

அம்பர் சேர்ந்த கலவை சீக்கிரம் காயும்; அதிலுள்ள மாங்கனீஸ் ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்துது. டைட்டானியம் வெள்ளை ரொம்ப மெதுவாகத்தான் காயும்.

பொள்ளாச்சிக்காரங்களுக்கு

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஹாஸ்டல் ஜன்னல் வழியா தூசியை அள்ளிட்டு வரும். ஈர ஆயிலில் ஒட்டினா போச்சு! பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, காற்று போக அடியில் ரெண்டு தீக்குச்சி வையுங்க. டர்பன்டைன் எடுக்கும்போது மட்டும் ஜன்னல் திறந்திருக்கணும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீங்க. அதே ஆக்சிஜனேற்றத்தில் சூடாகித் தானே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்க.

54 மி.மீ. பொம்மை என்பது 1:32 அளவு. ஒன்றரை சென்டிமீட்டர் நெற்றிக்குறி இங்கே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. என் சிப்பாய்க்கு அதை வைக்க மூணு முறை கை நடுங்கி, துடைச்சு, திரும்ப வெச்சேன். ரூம்மேட் கேட்டான், "இத்துனூண்டு புள்ளி யாருக்குடா தெரியப் போகுது?" அவனை உட்கார வெச்சு வேலூர்க் கதை முழுசும் சொன்னேன். கேட்டு முடிச்சதும் லென்ஸை எடுத்து ரொம்ப நேரம் அந்த முகத்தையே பார்த்துட்டு இருந்தான்.