நான்கு சக்கரமும் இழுக்கும் கார்

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது பழமொழி. கார் அப்படியன்று. பல இலட்சம் கொடுத்து வாங்கிய சொகுசுக் கார், பத்தாண்டு கழிந்தபின் புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கே விற்பனைக்கு வந்து நிற்கிறது. வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதில்தான் அது யானையை ஒக்கும்.

சென்ற விடுமுறையில் என் தாய்மாமா அப்படியொரு காரைப் பார்த்துவிட்டு வந்தார். பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டிச் சேர்த்த பணத்துடன் அத்தையின் நகைகளையும் அடகு வைத்து அதை வாங்கி, முகூர்த்தங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் திட்டம். “ஏங் கண்ணு, நீ பி.எஸ்ஸி. படிக்கிறியே, இந்தக் காருல நாலு சக்கரமும் இழுக்குதாமா. அதுல அப்படி என்ன விசேஷம்? வாங்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உராய்வு பற்றிய வினாவுக்குத் தேர்வில் பத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆயினும் மாமாவுக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

1. சக்கரங்கள் ஏன் வேறுபட்டுச் சுழல வேண்டும்?

களத்தில் பிணைத்துப் போரடிக்கும் மாடுகளை நம்மில் பலரும் பார்த்திருப்போம். பாராதவர்கள் பாட்டனாரிடம் கேட்டிருப்போம். உள்மாடு மெல்ல நடக்கும். வெளிமாடு விரைந்து நடக்கும். கார் திரும்பும்போதும் இதுவே நிகழ்கிறது. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைவெளி 1.6 மீட்டர் எனக் கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 2 × 3.14 × 1.6, அதாவது ஏறத்தாழ 10 மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த 10 மீட்டர் மாறாது.

மாட்டு வண்டியில் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழல்வதால் தொல்லையில்லை. எஞ்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் வண்டியில்தான் சிக்கல். பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் பெக்கர் 1827-இல் உரிமம் பெற்ற டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு இதைத் தீர்த்தது. அது இரு சக்கரங்களுக்கும் விசையைச் சமமாகப் பகிர்ந்து, வேகத்தை மட்டும் வேறுபட விடுகிறது.

நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என இரண்டு டிஃபரன்ஷியல்கள் உண்டு. திரும்பும்போது முன் அச்சும் பின் அச்சும்கூட வெவ்வேறு தொலைவு செல்வதால், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியலோ, வழுக்கக்கூடிய கிளட்ச் இணைப்போ தேவைப்படுகிறது. பழைய ஜீப்பில் இந்த நடு அமைப்பு இல்லை. அதனால்தான் சேற்றில் மட்டும் நான்கு சக்கர இழுவையைப் போட்டு, தார்ச்சாலைக்கு வந்ததும் எடுத்துவிடுகிறார்கள்.

2. இதனால் என்ன பயன்?

உராய்வு விசை = உராய்வுக் கெழு × செங்குத்து விசை. 1,800 கிலோ எடையுள்ள காரின் பாதி எடை முன் அச்சிலும் பாதி பின் அச்சிலும் இருப்பதாகவும், ஈர மண்ணில் கெழு 0.4 எனவும் கொள்வோம். இரு சக்கரம் மட்டும் இழுத்தால் கிடைக்கும் பெரும இழுவிசை ஏறத்தாழ 3,500 நியூட்டன். நான்கும் இழுத்தால் 7,000 நியூட்டன். முன்னது ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் நின்றுவிடும். பின்னது இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டிலும் ஏறும்.

பனி மூடும் நாடுகளில் இது உயிர் காக்கும் வசதி. 1903-இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் இத்தகைய கார் ஒன்றைச் செய்தது. 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த ஆடி குவாட்ரோ 1982, 1984 ஆண்டுகளில் உலக ராலி உற்பத்தியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தபின், சொகுசுக் கார்களிலும் இம்முறை பரவியது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களில்தான் பிடிக்கிறது. ஆகவே நான்கு சக்கர இழுவை வண்டியைக் குறைந்த தொலைவில் நிறுத்திவிடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்சக்கரம் மட்டுமே இழுக்கும் அரசுப் பேருந்து நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அப்படியிருக்க, அவினாசி சாலைக் கல்யாண மண்டபத்துக்கு நான்கு சக்கர இழுவை எதற்கு?

3. டயரில் ஒளிந்திருக்கும் செலவு

பழைய வண்டியில் பார்க்க வேண்டிய முதற்பொருள் டயர். 245/45 ஆர் 18 அளவுள்ள புதிய டயரின் விட்டம் சுமார் 678 மி.மீ. ஐந்து மி.மீ. தேய்ந்துவிட்டால் விட்டம் 668 மி.மீ. ஆகிறது. ஒரு கிலோமீட்டருக்குப் புதிய டயர் ஏறத்தாழ 470 முறை சுழன்றால், தேய்ந்தது 477 முறை சுழலும். வேறுபாடு ஏழே சுற்று.

விற்பவர் செலவைச் சுருக்க முன்டயர் இரண்டை மட்டும் புதிதாக மாற்றினார் என்க. இரு சக்கர இழுவைக் காரில் இந்த ஏழு சுற்று ஒன்றும் செய்யாது. நான்கு சக்கர இழுவையிலோ நேர்ச்சாலையில் போகும்போதும் நடு இணைப்பு ஓயாமல் இந்த வேறுபாட்டை விழுங்க வேண்டும். கோவையிலிருந்து உதகைக்கு 85 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 600 சுற்று. கிளட்ச் வகை இணைப்பானால் அது உரசிச் சூடேறும், எண்ணெய் கெடும், தகடுகள் தேயும். டயரில் மிச்சம் பிடித்த சில ஆயிரம், பல்சக்கரப் பெட்டியில் இலட்சமாகத் திரும்பி வரும்.

4. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

(அ) நான்கு டயரும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் உடையனவா?

(ஆ) காலியான தார்த்தரையில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்தால், வண்டி திக்கித் திணறாமல் வருகிறதா?

(இ) டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றியதற்குச் சர்வீஸ் சீட்டு உள்ளதா?

(ஈ) ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால் நீக்கப்பட்டுள்ளதா? பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையொப்பம் பெற்றாயிற்றா?

(உ) வாடகைக்கு விடுவதானால் அதற்குரிய பதிவும் பெர்மிட்டும் வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம்.

5. நாங்கள் கண்டது

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாமாவுடனும் தந்தையாருடனும் காரைப் பார்க்கச் சென்றேன். தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இருபத்தைந்து ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். நான் குனிந்து டயர்களை அளந்தேன். முன்னிரண்டும் புதியவை, பின்னிரண்டும் வழவழவென்று தேய்ந்தவை. தாளைப் பிரித்துக் காட்டுவதற்குள் தந்தையார் வண்டியை எடுத்து ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கினார். “திரும்பறப்போ பின்னால யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க” என்றார் தரகரிடம். டயரைப் பற்றி நான் அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

நான் கணக்கில் கண்டதை அவர் கையால் கண்டார். ஏன் அப்படி இழுக்கிறது என்பதை அன்றிரவு திண்ணையில் இரண்டு தட்டுகளை உருட்டிக் காட்டி விளக்கினேன். தந்தையார் கடைசிவரை கேட்டுவிட்டு, “இதையெல்லாமா காலேஜில சொல்லித் தர்றாங்க?” என்றார். மாமா அந்தக் காரை வாங்கவில்லை. அத்தையின் நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன.

மாணவ நண்பர்களே! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, கைப்பழக்கத்தையும் அறிவியலையும் பிரித்துப் பார்த்தவரல்லர். அவர் வாழ்ந்த ஊரில் படிக்கிறோம் நாம். மேட்டார்க் கடைகளிலும் பட்டறைகளிலும் நம் தந்தையர் கையால் அறிந்தவற்றுக்கு, நம் பாடப் புத்தகத்தில் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று சொல்வோம். அவர்கள் அறிந்ததையும் கேட்டுக்கொண்டு வகுப்புக்குத் திரும்புவோம்.