ஓடும் நாடாவும் தயங்கும் படமும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் மிகுந்து வாழும் பகுதிகளுள் ஒன்று பிள்ளையார்பாளையம். அங்கே கோர்வைச் சேலை நெய்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்ததாகக் கொள்வோம். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கணமே அக்காட்சியின் உயிர். நொடிக்கு 25 சட்டகங்கள் எனில், அக்கணம் சில சட்டகங்களுக்குள் முடிந்துவிடும். தொகுப்பு மென்பொருளில் படம் திக்கித் திக்கி ஓடினால், வெட்ட வேண்டிய இடமே கண்ணில் படாது.

கோப்பு சிறியதாயிற்றே, ஏன் தயங்குகிறது? சிறியதாக இருப்பதே காரணம். 2003இல் வெளிவந்த எச்.264 போன்ற குறுக்கமுறைகள், இடையிடையே ஒரு சட்டகத்தை மட்டும் முழுமையாகச் சேமிக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலும் மாற்றங்களே பதிவாகின்றன. நடுவிலுள்ள ஒரு சட்டகத்தைக் காட்ட, கணினி முந்தைய முழுச் சட்டகத்திற்குச் சென்று அங்கிருந்து கணக்கிட்டு வரவேண்டும். முந்தைய இழைகளின்றிச் சேலையின் நடுப்பூவை நெய்ய இயலாததைப் போன்றது இது. பின்னோக்கி நகர்த்தினாலோ சுமை இன்னும் கூடும்.

உடனே புதிய கணினி வாங்க விரைவோர் உளர். அது கடைசி வழி. ஒவ்வொரு சட்டகமும் தனித்து நிற்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற முறைகளில், குறைந்த தெளிவுத்திறனுடைய பதிலிக் கோப்பை உருவாக்கித் தொகுக்கலாம். பணி முடிந்ததும் மூலக் கோப்பை மீண்டும் இணைத்து வெளியிடலாம். ஆனால், குறுக்கத்தில் மறைந்த சரிகையின் நுண்ணிழை எந்த மாற்றத்தாலும் மீளாது. அதற்குப் படம்பிடிக்கும்போதே பதிவுத் தரத்தை உயர்த்தி வைத்திருக்க வேண்டும்.