பழைய மோட்டார் வண்டிகளில் ஹீட்டர் கண்ட்ரோலைப் பழுது பார்க்கும் முறை

விவசாயிகளின் வீடுகளில் மாட்டு வண்டியோடு மோட்டார் வண்டியும் இடம் பெற்று வெகுகாலமாகிறது. சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலச்சுவான்தார்கள் பலர், விதை மூட்டைகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிச் செல்லவும், செங்கற்பட்டிலுள்ள ஆபீசுகளுக்குப் போய்வரவும் பழைய கார் அல்லது ஜீப்பையே நம்பியிருக்கின்றனர். அவ்வண்டிகளிற் சில அண்டையிலேயே செய்யப்பட்டவை. 1999 இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஐகான் கார், இவ்வூருக்கு வடக்கே அடுத்துள்ள மறைமலை நகர்த் தொழிற்சாலையில் உற்பத்தியானதாகும். அத்தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2022 இல் நிறுத்தப்பட்டது. உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு உதிரிச் சாமான்கள் நாளடைவில் அரிதாவது இயல்பு. ஆதலால், உள்ளதைப் பழுது பார்த்து உபயோகிக்கும் முறையைச் சொந்தக்காரர்கள் அறிந்திருத்தல் நன்று.

வெப்பம் மிகுந்த இந்த ஜில்லாவில் ஹீட்டர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். குளிர் காய்வதற்கு அது இங்கே வேண்டியதில்லை என்பது உண்மையே. எனினும் அதன் கண்ட்ரோல் கெட்டால் மூன்று வகையில் நஷ்டம் உண்டாகிறது. முதலாவது, ஏ.சி. இருந்தும் வண்டிக்குள் வெப்பக் காற்று வீசும். கேஸ் தீர்ந்துவிட்டதென எண்ணி அதற்குப் பணம் செலவழித்தும் குறை தீராது. இரண்டாவது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் முன் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும்போது அதை அகற்ற வழியிராது. லாரிகள் ஓயாது செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இது உயிருக்கே அபாயமானது. மூன்றாவது, வால்வு கசிந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் சிறிது சிறிதாகக் குறைந்து, முடிவில் என்ஜினே கெட்டுப்போகும்.

அமைப்பு

ஓடும் என்ஜினின் நீர் ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணமடைகிறது. இந்நீரில் ஒரு பகுதி இரண்டு ரப்பர் ஹோஸ்களின் வழியே டேஷ்போர்டின் பின்னுள்ள சிறு ரேடியேட்டருக்குச் சென்று திரும்புகிறது. விசிறிக் காற்று அதன்மீது பட்டு வெப்பமடைந்து உள்ளே வருகிறது. இவ்வெப்பத்தைக் கட்டுப்படுத்த இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஹோஸின் நடுவே வால்வு வைத்து வெந்நீரைத் தடுப்பது. மற்றொன்று, வெந்நீரை ஓடவிட்டு, காற்றுக் கதவு ஒன்றினால் காற்றை அச்சிறு ரேடியேட்டரின் பக்கம் போகாமல் திருப்பிவிடுவது. சில வண்டிகளில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

டேஷ்போர்டிலுள்ள லீவரையோ திருகையோ அசைத்தால், உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பியாகிய கேபிள், வால்வையோ கதவையோ இழுக்கிறது. பிற்காலத்து வண்டிகள் சிலவற்றில் கேபிளுக்குப் பதிலாகச் சிறு மோட்டாரோ மின்சார வால்வோ வேலை செய்கிறது. ஏ.சி. வண்டியில் குளிர்ந்த காற்றும் இச்சிறு ரேடியேட்டரைக் கடந்தே வருவதால், காற்றுக் கதவு சற்றே திறந்து நின்றாலும் குளிர்ந்த காற்று மறுபடி சூடாகிவிடும்.

கோளாறைக் கண்டறிதல்

சாமான் வாங்குமுன் கோளாறு எங்கே உள்ளதென நிச்சயித்துக் கொள்ள வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில் வெளிக் காற்றே சுடுமாதலால், பரீட்சையை விடியற்காலையில் செய்தல் உசிதம். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கி, ஏ.சி.யை நிறுத்தி, லீவரைக் குளிர்ச்சியின் கடைசிக்குத் தள்ளி விசிறியைப் போட வேண்டும். வெளிக் காற்றைப் போலவே உள்ளே வந்தால் ஹீட்டரில் குறையில்லை, ஏ.சி.யைத்தான் பார்க்க வேண்டும். அனல் வீசினால் குறை ஹீட்டரைச் சேர்ந்தது.

அடுத்து என்ஜினை நிறுத்திப் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்கும் உட்காரும் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டின் வழியே உள்ளே செல்லும் இரு ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். ஹோஸில் வால்வு இருந்தால், ஒருவர் லீவரை அசைக்க மற்றொருவர் வால்வின் கையைக் கவனிக்க வேண்டும். கை அசையாவிட்டால் கேபிளில் பழுது. கை முழுதும் அசைந்து மூடிய பின்னும், மீண்டும் என்ஜினை ஓட்டிப் பார்க்கையில் வால்வுக்கு அப்பாலுள்ள ஹோஸ் கொதித்தால், வால்வு உள்ளே மூடவில்லை என்று அறியலாம். ஹோஸைத் தொடும்போது கனத்த துணியை உபயோகித்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையும் ஆடையும் எட்டாதபடி இருத்தல் அவசியம்.

வால்வே இல்லாத வண்டியில் இரு ஹோஸ்களும் எப்போதும் சூடாகவே இருக்கும், அது குறையன்று. அங்கே காற்றுக் கதவைத்தான் சோதிக்க வேண்டும். லீவர் இரு கடைசிகளையும் தொடும்போது கதவு மோதும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது கதவின் அச்சு ஒடிந்திருக்கலாம். மின்சார வால்வாயின் முதலில் பியூஸையும், பிறகு பிளக்கில் துரு ஏறியுள்ளதா என்பதையும் பார்த்து, 12 வோல்ட் சோதனை விளக்கினால் மின்சாரம் வருகிறதா என்று அறிய வேண்டும். சில வகை வால்வுகள் மின்சாரம் நின்றால் திறந்தே நின்றுவிடும்.

கேபிளைச் சீர் செய்தல்

பெரும்பாலும் காணப்படும் பழுது மிகச் சிறியதே. கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றால், கம்பிக்குப் பதில் உறையே நகர்ந்து, லீவர் அசைந்தும் வால்வு அசையாது. லீவரைக் குளிர்ச்சிப் பக்கம் வைத்து, வால்வின் கையை முழுதும் மூடிய நிலையில் பிடித்துக் கொண்டு, உறையைக் கிளிப்பினால் இறுக்கினால் போதும். பிறகு லீவரை மறுகடைசி வரை தள்ளி, வால்வு முழுதும் திறக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்றினால் கம்பி துருப்பிடித்து இறுகுவதுண்டு. அப்போது லீவரைப் பலமாகத் தள்ளலாகாது. பிளாஸ்டிக் பாகம் ஒடிந்துவிடும். வால்வுப் பக்கத்து முனையைக் கழற்றி, கம்பி இறுகியுள்ளதா, வால்வின் கை இறுகியுள்ளதா என்று தனித்தனியே பார்த்து, இலேசான எண்ணெய் விட்டு அசைக்க வேண்டும். கம்பி பிரிந்தோ மடிந்தோ இருந்தால் மாற்றுவதே தகும். பழைய கேபிளையே மாதிரியாகக் கொண்டுபோய், கம்பியின் பருமன், உறையின் நீளம், முனையின் வளைவு ஆகிய மூன்றும் ஒத்ததை வாங்க வேண்டும். புதிய கேபிளைக் கூரான வளைவின்றி அமைக்க வேண்டும்.

வால்வை மாற்றுதல்

என்ஜின் முற்றிலும் ஆறிய பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். சூடாக உள்ளபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் அழுத்தத்தோடு பீறிட்டு முகத்தை வெந்துபோகச் செய்யும். கூலண்ட் நீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக் கொள்ள வேண்டும். அது இனிப்புச் சுவையுள்ள விஷம். கன்றுகாலிகளும் நாய்களும் நக்கினால் மடியக்கூடும். ஆகையால் அதைத் தொட்டியருகிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், மூடிய டப்பாவில் வைத்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்பது கடமை.

இறுகிப்போன ஹோஸை முறுக்கி இழுத்தால் சிறு ரேடியேட்டரின் மெல்லிய குழாய் பிய்ந்து, சிறு வேலை பெருஞ்செலவாகிவிடும். ஹோஸின் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்து, புது ஹோஸும் புது கிளிப்பும் போடுவதே சிக்கனம். அதே வண்டியின் வால்வு கிடைக்காவிடில், ஹோஸின் உள்விட்டம், கேபிள் இழுத்தால் மூடுமா திறக்குமா என்பது, நீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஆகியவற்றைக் கவனித்து வேறு வண்டியின் வால்வைப் பொருத்தலாம். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் பழைய சாமான் தேடுவோர், பிளாஸ்டிக் வால்வாயின் வெடிப்பு உள்ளதா என்று வாயால் ஊதிப் பார்த்து வாங்குவது நல்லது.

மறுபடி நிரப்புகையில் கிணற்று நீரையோ போர் நீரையோ ஊற்றலாகாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து சிறு ரேடியேட்டர் அடைபடும். வண்டிக்குரிய கூலண்ட்டை, டப்பாவில் கண்டபடி காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்ற வேண்டும். லீவரைச் சூட்டுப் பக்கம் வைத்தே நிரப்பினால் உள்ளே காற்று தங்காது. பின் என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, குறைந்த அளவை நிரப்ப வேண்டும். மறுநாளும் அளவைப் பார்த்து, கசிவில்லை என்று நிச்சயித்துக் கொள்வது அவசியம்.

அடைத்துவிடும் வழக்கம்

வால்வு கெட்டவுடன் இரு ஹோஸ்களையும் ஒரு குழாயால் இணைத்து ஹீட்டரையே நீக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வழியில் கசிவு ஏற்பட்டால் வீடு சேர இது தக்க உபாயமே. ஆயினும் இதையே நிரந்தரமாக்கினால் மழைக்காலத்தில் கண்ணாடி ஆவியை அகற்றும் வெப்பக் காற்று இல்லாமற் போகும். மற்றொரு நன்மையும் போய்விடும். பாரம் ஏற்றிச் செல்கையில் என்ஜின் அதிகமாகச் சூடேறினால், ஏ.சி.யை நிறுத்தி ஹீட்டரையும் விசிறியையும் முழுதும் திறந்து வைத்தால், சிறு ரேடியேட்டர் இரண்டாவது ரேடியேட்டராக உதவி, வண்டியை நிழலான இடத்தில் ஓரங்கட்டும் வரை என்ஜினைக் காக்கும். ஹோஸ்களை இணைக்காமல் ஒன்றை மட்டும் அடைப்பது சில என்ஜின்களில் நீரோட்டத்தையே கெடுக்கும், அதைச் செய்யலாகாது.

தேர்ந்த மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

காலடி விரிப்பு நனைந்திருத்தல், வண்டிக்குள் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் ஆகியவை தோன்றினால், கசிவது சிறு ரேடியேட்டரே. அதை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற நேரும். ஏர்பேக் உள்ள வண்டியில் அப்பகுதியையும், ஏ.சி. கேஸ் குழாய்களையும் பழக்கமில்லாதவர் தொடுதல் அபாயம்.

விதைப்புக்கு முன் ஏரைப் பழுது பார்ப்பதுபோல், புரட்டாசி முடிவதற்குள் வண்டியின் ஹீட்டர் லீவரை இருபுறமும் தள்ளிப் பார்த்து, ஹோஸ்களில் வெடிப்பு உள்ளதா என்று கவனித்தால், பெரும்பாலான குறைகள் சிறிய செலவிலேயே தீரும். சர்க்கார் ஜீப்பை உபயோகிக்கும் கிராம உத்தியோகஸ்தர்களும் டிரைவர்களைக் கொண்டு இப்பரீட்சையை ஆண்டுதோறும் செய்வித்தல் நலம்.